2,63,400 கிலோமீட்டர் ஓடிய டீசல் கார்: ஒழுகலை அடைப்பதா, வண்டியை மாற்றுவதா?

பின்னணி

உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு சிறிய பட்டறையில் 2024 ஜனவரிக்கும் 2025 ஜூலைக்கும் இடையில் நடந்தது இது. பட்டறை என்னுடையது. வண்டி, 2009 செப்டம்பரில் பதிவான ஐந்து கதவு டீசல் கார்: 1.3 லிட்டர் எஞ்சின், செயின் டைமிங். ஓனர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து நான்கு. புதிதாக வாங்கியதிலிருந்து அவர் ஒருவர்தான் ஓட்டியிருக்கிறார். மனைவியின் சிகிச்சைக்காக மாதம் இரண்டு முறை கோயமுத்தூர் போக வேண்டும். போக வர 140 கிலோமீட்டர். அதோடு பழனி, பொள்ளாச்சி, தோட்டம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 14,000 கிலோமீட்டர் ஓடும்.

அவர் வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே முந்தைய பதினான்கு மாதத்தின் பில்கள், மொத்தம் 31,000 ரூபாய்க்கு. அத்தனையும் ஒழுகலுக்காகச் செய்த செலவு. எஞ்சின் மேல்மூடியின் அடைப்பான வால்வு கவர் கேஸ்கட் இரண்டு முறை, அடியிலுள்ள ஆயில் தொட்டியின் சம்ப் பேக்கிங், எஞ்சினின் சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தின் முன் கிராங்க் சீல், ரேடியேட்டர் ஹோஸ். ஒவ்வொரு தடவையும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ தரை காய்ந்திருக்கும், பிறகு மறுபடியும் கறுப்புக் கறை. கடைசியாகப் பார்த்த இடத்தில் எஞ்சினை இறக்கி போர் வேலை (சிலிண்டர்களைக் கடைந்து புதுப்பிப்பது) செய்ய வேண்டும், 85,000 ஆகும் என்றிருக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் மகன், இனி ஒரு ரூபாயும் போடாமல் விற்றுவிடச் சொல்கிறார்.

"எடுத்துப் போடறதா, போட்டு ஓட்டறதா, நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார்.

அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. பில்களைத் தேதி வாரியாக மேசையில் அடுக்கினேன். வால்வு கவர் கேஸ்கட் மாற்றிய இரண்டு பில்களுக்கும் நடுவில் ஏழே மாதம். நல்ல கேஸ்கட்டை ஒழுங்காகப் போட்டால் அது ஏழு மாதத்தில் போகாது. உள்ளேயிருந்து ஏதோ தள்ளுகிறது என்ற சந்தேகம் அப்போதே வந்தது.

கழுவி, ஓட்டிப் பார்த்தது

வண்டியை பிட்டில் ஏற்றியபோது அடிப்பகுதி முழுக்க எண்ணெய்ச் சேறு. இந்த நிலையில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்பக்கம் அடித்துக்கொண்டு போகும். முன்னால் கசிவது பின்னால் சொட்டும். முந்தைய வேலைகள் பாதி வீணானதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஈரமாக இருந்த இடத்தை மாற்றியிருக்கிறார்கள், ஈரம் கிளம்பும் இடத்தை யாரும் தேடவில்லை.

பிரஷ் போட்டு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழுவிக் காயவைத்தோம். எஞ்சின் ஆயிலில் புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் கலந்தோம். ஆயிலை டிப் ஸ்டிக்கின் மேல் கோடு வரை நிரப்பி, கூலன்ட் தொட்டியில் மார்க்கரால் கோடு போட்டு, ஓனரிடம் இரண்டு பெரிய அட்டைகளைக் கொடுத்தேன். ராத்திரி நிறுத்தும்போது வண்டிக்கு அடியில் விரிக்க வேண்டும், முன்சக்கரம் எங்கே நின்றதென்று அட்டையில் குறிக்க வேண்டும், வழக்கம்போல ஓட்ட வேண்டும். ஐந்தாம் நாள் வந்தார், 312 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

அட்டையில் இரண்டு இடத்தில் கறை. பெரியது ஆயில் ஃபில்டர் இருக்கும் பக்கம், சின்னது கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கு நேர் கீழே. விளக்கடித்துப் பார்த்ததில் நான்கு இடங்கள் ஒளிர்ந்தன. ஆயில் கூலர் உட்காரும் இணைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக. தரையில் விழுந்ததில் பெரும்பங்கு இதுதான். வால்வு கவர் ஓரம் முழுக்க ஈரம். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடித் துளையில் லேசான கசிவு, அதாவது பின் கிராங்க் சீல். டைமிங் கவர் ஓரத்தில் வியர்த்த மாதிரி ஒரு கோடு.

கூலன்ட் தனிக்கதை. பிரஷர் டெஸ்டர் வைத்து 1.1 பார் அழுத்தம் ஏற்றினால் பத்து நிமிடத்தில் 0.8-க்கு இறங்கியது. வாட்டர் பம்ப்பின் சிறு துளையைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. எஞ்சின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று நீல நிறத் திரவச் சோதனை செய்தோம், நிறம் மாறவில்லை. எரிந்த வாயு கூலன்டில் கலக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, உள்ளேயிருந்து ஏதோ தள்ளுகிறது என்ற அந்தச் சந்தேகம். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து மேலே வைத்தால் மூடி குதித்தது. இதைப் பார்த்துத்தான் போர் வேலை என்று சொல்லியிருப்பார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எரியும் வாயு கீழே இறங்கி, கிராங்க் பெட்டியில் அழுத்தம் கூடி, மூடி குதிக்கும். ஆனால் ரிங் நன்றாக இருக்கும் எஞ்சினிலும் கொஞ்சம் வாயு இறங்கத்தான் செய்யும். அது வெளியேற பிரீதர் என்று ஒரு வழி உண்டு. அந்த வழி அடைபட்டாலும் மூடி குதிக்கும். பிரீதர் குழாயைக் கழற்றினோம். உள்ளே கறுப்புக் களி, விரல் நுழையாத அளவுக்கு. வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போகவில்லை.

சுத்தம் செய்து மாட்டியதும் குதிப்பு முக்கால்வாசி அடங்கியது. குளோ பிளக் துளை வழியாகக் கம்ப்ரஷன் பார்த்தோம்: நான்கு சிலிண்டரும் 24-க்கும் 26 பாருக்கும் நடுவில். எஞ்சின் தேயவில்லை. வெளியேற வழியில்லாத அழுத்தம் ஒவ்வொரு கேஸ்கட்டாகத் தள்ளிக்கொண்டிருந்தது. எது புதிதோ அது கொஞ்ச நாள் தாங்கியது, அவ்வளவுதான்.

கடைசியாக நாலு சக்கரத்தையும் கழற்றினோம். ஓனர் கேட்காத வேலை இது, பழைய வண்டி என்றால் நான் விடுவதில்லை. இடது பின்சக்கர டிரம்மைத் திறந்தால், பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடிக்குப் பின்னால் பிரேக் ஆயில் கசிந்திருந்தது. ஷூ இன்னும் நனையவில்லை. தரையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை, ஏனென்றால் கசிந்ததெல்லாம் டிரம்முக்குள்ளேயே தங்கிவிட்டது. பதினான்கு மாதமாக அவர் தரைக் கறையைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறார். அந்த வண்டியில் உண்மையில் உயிருக்கு ஆபத்தான ஒழுகல் கண்ணில் படாமல் இருந்தது.

பாடியில் இடது கதவுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் துரு ஓட்டை. ஸ்க்ரூ டிரைவரால் சேஸிஸ் உறுப்புகளையும் ஜாக்கி வைக்கும் இடங்களையும் குத்திப் பார்த்தேன், உறுதியாக இருந்தன. இவை போயிருந்தால் எஞ்சின் பக்கமே போகாமல் விற்கச் சொல்லியிருப்பேன்.

கணக்கு

ஒழுகல்களை அளவை வைத்து வரிசைப்படுத்தாமல், ஒழுகுவது என்ன என்பதை வைத்து வரிசைப்படுத்தினோம். பிரேக் ஆயில் முதலில். அடுத்தது கூலன்ட்: ஒரு தடவை சூடேறி அலுமினிய ஹெட் வளைந்தால் அந்த ஒரு செலவே வண்டியின் கதையை முடித்துவிடும். எஞ்சின் ஆயில் கடைசியில்தான்.

ஓனருக்கு இது எளிதில் ஒப்பவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஆயில்தானே. அதனால் ஆயிலைப் பணமாக மாற்றிக் காட்டினேன். 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்றுகிறார். வருடத்துக்கு ஒன்பது லிட்டர் சொச்சம், லிட்டர் 450 என்றால் 4,200 ரூபாய். பின் கிராங்க் சீலை மட்டும் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். லேபர் மட்டுமே 5,500. அந்தச் சீல் கசிவது மொத்தத்தில் சிறு பங்கு. ஆக அதற்காக இப்போது இறக்குவது நஷ்டம். கிளட்ச் தேய்ந்து மேலே பிடிக்க ஆரம்பித்திருந்தது, ஒரு வருடத்தில் எப்படியும் மாற்ற வேண்டிவரும். அன்றைக்கு கியர்பாக்ஸ் இறங்கும்; சீலுக்குத் தனி லேபர் கிடையாது.

உடனே செய்ய வேண்டியவை என்று நான் எழுதிக் கொடுத்தது: இரு பின்சக்கர வீல் சிலிண்டர்கள், பிரேக் ஹோஸ்கள், பிரேக் ஆயில் மாற்றம் 4,600, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பெல்ட், ஹோஸ்கள், கூலன்ட் 8,900, பிரீதர் சுத்தமும் வால்வு கவர் கேஸ்கட்டும் 2,700, ஆயில் கூலர் சீல்கள், ஆயில், ஃபில்டர் 5,300. மொத்தம் 21,500. கிளட்ச் செட்டும் பின் சீலும் சேர்ந்து 18,500, தேவைப்படும்போது. டைமிங் கவர் ஓரத்தைத் தொட வேண்டாம்.

மறுபக்கக் கணக்கை மகனோடு போனில் பேசியபடியே போட்டோம். வண்டியை அப்படியே கொடுத்தால் 1,15,000 தருவதாக ஒரு வியாபாரி சொல்லியிருந்தார். ஏழு வருடத்துக்குள் உள்ள பெட்ரோல் கார் 4,25,000. இடைவெளி 3,10,000. கடன் வாங்கினால் 12 சதவீதத்தில் முதல் வருட வட்டியே முப்பதாயிரத்தைத் தாண்டும். எரிபொருளும் உண்டு: இந்தக் கார் லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கொடுத்தது, டீசல் அப்போது 94 ரூபாய், வருடத்துக்கு 69,000 சொச்சம். பெட்ரோல் கார் 16 கொடுத்தால், 102 ரூபாய் விலையில், 89,000. வித்தியாசம் இருபதாயிரம்.

மகன் சொன்ன ஒரு விஷயத்துக்கு மட்டும் கணக்கில் இடம் இல்லை. "அம்மாவை வெச்சுக்கிட்டு நடு ரோட்டுல நின்னா என்ன பண்றதுங்க?" நியாயமான கேள்வி. பிரேக்கையும் கூலன்டையும் முதலில் வைத்ததற்கு இதுவும் காரணம். ரோட்டில் நிறுத்தக்கூடியவை அவைதான். ஆயில் கசிவு நிறுத்தாது, டிப் ஸ்டிக் பார்க்கும் பழக்கம் இருந்தால். அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு.

எடுத்த முடிவு

2024 பிப்ரவரி முதல் வாரம். வண்டியை வைத்துக்கொள்வது, ஆனால் எல்லையோடு. இரண்டு வருடம், அல்லது 60,000 ரூபாய் செலவு. எது முதலில் வருகிறதோ அதோடு விற்பது. கூடவே நின்றுவிட வேண்டிய நிலைகளை பில்லின் பின்புறம் எழுதினோம்: ஹெட் கேஸ்கட், டர்போ, இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) செட், கியர்பாக்ஸ் உள்வேலை, சேஸிஸ் துரு. இவற்றில் எது வந்தாலும் ரிப்பேர் இல்லை, விற்பனைதான். ஓனர் கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அவருக்கு நாங்கள் கடன் பத்திரம் எழுதுவதுபோல இருந்ததாம்.

60,000 என்ற எண்ணுக்குப் பெரிய விஞ்ஞானம் இல்லை. வண்டி விலையில் பாதி, வேறு கார் வாங்கினால் ஆகும் முதல் வருட வட்டியும் எரிபொருள் வித்தியாசமும் சேர்ந்ததற்குக் கொஞ்சம் மேலே.

பிறகு நடந்தது

முதல் கட்ட வேலை மூன்று நாளில் முடிந்தது. பில் சொன்னபடி 21,500. மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பார்த்ததில் ஆயில் 5,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்று குறைந்திருந்தது. வால்வு கவர் ஓரம் காய்ந்தே இருந்தது.

மே மாதம் கூலன்ட் கோட்டுக்குக் கீழே இறங்கியது. அவர் போனில் பேசிய குரலிலேயே பயம் தெரிந்தது, எனக்கும் வயிறு கலங்கியது. பார்த்தால் தொட்டி மூடி. அழுத்தம் தாங்காமல் முன்னதாகவே திறந்து கூலன்டைத் துப்பியிருக்கிறது. 300 ரூபாய். வாட்டர் பம்ப் போட்ட அன்றே மாற்றியிருக்க வேண்டியது.

2024 செப்டம்பரோடு பதினைந்து வருடம் முடிகிறது, ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு இந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆகிவிட்டது. தாமதித்தால் மாதம் 500 கூடுதல். ஆகஸ்ட்டிலேயே துரு ஓட்டையை வெட்டித் தகடு வைத்து டிங்கரிங் செய்தோம், பசுமை வரியையும் சேர்த்து எல்லாம் முடிய 11,500. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை) முதல் முறையிலேயே தேறியது, ஐந்து வருடத்துக்கு. அடிப்பக்கம் காய்ந்திருந்தது இங்கே உதவியது. எண்ணெய் சொட்டும் வண்டியை யாரும் மகிழ்ச்சியோடு பார்ப்பதில்லை.

டிசம்பரில் குடும்பத்தோடு வால்பாறை போனார்கள். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. பாதியிலேயே கிளட்ச் கருகும் வாசனை. ஜனவரியில் கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் செட்டும் பின் கிராங்க் சீலும் போட்டோம். ஃப்ளைவீலில் கோடு விழுந்திருந்ததால் அதை லேத்தில் கொடுத்து எடுத்ததில் 700 கூடி, 19,200.

2025 ஜூனில் காலை நேரத்தில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. நான்கு பாட்டில் கட்டி இன்ஜெக்டர் ரிட்டர்ன், அதாவது பீய்ச்சப்படாமல் திரும்பி வரும் டீசல், அளந்தோம். இரண்டாவதும் மூன்றாவதும் மற்றவற்றைப் போல் மூன்று மடங்கு டீசலைத் திருப்பி விட்டன. ரீகண்டிஷன் செய்ய ஒன்றுக்கு 8,500. நான்கையும் சேர்த்துச் செய்வதே என் வழக்கம், 34,000. அதுவரை ஆன செலவு 52,500.

"இத்தனை போட்டாச்சு தம்பி, இதையும் போட்டுடலாமுங்க" என்றார். பையிலிருந்து அந்த பில்லை எடுத்துப் பின்புறத்தைக் காட்டினேன். இன்ஜெக்டர் செட் என்று அவர் கையெழுத்துக்கு மேலே இருந்தது. பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. டீ வந்தது, குடித்தார், வியாபாரியிடம் பேசச் சொன்னார்.

ஜூலையில் வண்டி 2,84,500 கிலோமீட்டரில் 1,05,000-க்குப் போனது. வாங்கியவர் தாராபுரம் பக்கம் மெக்கானிக் வேலை செய்பவர். இன்ஜெக்டர் குறையைச் சொல்லியே கொடுத்தோம். 2029 வரை ஆர்.சி. இருந்ததால்தான் இந்த விலை. ஓனர் 2018-ஆம் வருடத்துப் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார், பெரும்பகுதி கையிருப்பில். பதினேழு மாதத்தில் 21,100 கிலோமீட்டர், ரிப்பேர் செலவு கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய்க்குச் சற்றுக் கீழே. ஒரு தடவைகூட ரோட்டில் நிற்கவில்லை. வால்பாறைக்கும் வாசனையோடு ஏறி இறங்கிவிட்டது.

இனி வேறு மாதிரி செய்பவை

ஜனவரியில் கிளட்சுக்கு 19,200 செலவழித்த அன்று இன்ஜெக்டர் ரிட்டர்னை நான் பார்க்கவில்லை. அரை மணி நேர வேலை. அன்றே பார்த்திருந்தால் அந்தப் பணத்தைப் போடாமல் விற்றிருக்கலாம். புது கிளட்ச் ஆறு மாதம்தான் அவருக்கு உழைத்தது. முதல் நாள் செய்த முழுச் சோதனையை அடுத்த பெரிய செலவுக்கு முன்னும் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தோன்றாமல் போனது. இப்போது பட்டறையில் பத்தாயிரத்துக்கு மேல் எந்த வேலை என்றாலும் கம்ப்ரஷன், ரிட்டர்ன், பிரேக், துரு நான்கையும் பார்த்துவிட்டுத்தான் கழற்றுகிறோம்.

எல்லையை எழுதினோமே தவிர, அதற்குள் எது வரும் என்று எழுதவில்லை. ஆர்.சி. கட்டணமும் டிங்கரிங்கும் செலவா, இல்லை எந்த வண்டி என்றாலும் வந்திருக்கக்கூடிய அரசாங்கச் செலவா? நான் சேர்த்துக் கணக்கிட்டேன். அந்த 11,500-ஐ நீக்கினால் ஜூன் வரை 41,000தான். கெட்ட இரண்டு இன்ஜெக்டர்களை மட்டும் செய்திருந்தால் 58,000, எல்லைக்குள்ளேயே. நின்றுவிட வேண்டிய பட்டியலில் இருந்ததும் இன்ஜெக்டர் "செட்" என்ற சொல். இரண்டு இன்ஜெக்டர் செட்டா இல்லையா என்று அன்றைக்கு நாங்கள் விவாதிக்கவே இல்லை. நான் கொடுத்த 34,000 என்ற எண்தான் முடிவைத் தீர்மானித்தது. விற்றது தவறு என்று சொல்லமாட்டேன், அவர் மனைவிக்கு அந்த மாதம் சிகிச்சை வாரம் ஒன்றாகக் கூடியது. ஆனால் இரண்டு வழிகளையும் நான் அவர் முன் வைத்திருக்க வேண்டும்.

முந்தைய பில்களில் பார்த்த மெக்கானிக்குகள் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 300 ரூபாய் மூடியை விட்டவன் நான்.

சென்ற மாதம் தாராபுரம் போனபோது வாங்கியவரைப் பார்த்தேன். இரண்டு இன்ஜெக்டர்கள் மட்டும் மாற்றினாராம், 17,000 ஆனதாம், வண்டி ஓடுகிறது. குனிந்து அடியில் எட்டிப் பார்த்தேன்: பின் சீல் பக்கம் காய்ந்திருக்கிறது, டைமிங் கவர் ஓரம் இன்னும் வியர்க்கிறது.